பழைய கார் ஆசைக்கு வீட்டில் சம்மதம் வாங்குவது எப்படி: கணக்கிலிருந்து பேச்சு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய காரை வாங்கி, பார்த்துப் பார்த்துச் சரிசெய்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னை ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஓட்டிவிட்டு வருவது நல்ல ஆசை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஆசை உள்ள பலபேர் வீட்டில் ஏதோ குற்றம் செய்தவர்கள் மாதிரி நடந்துகொள்கிறார்கள். பார்ட்ஸ் பார்சலை ஆபீஸ் முகவரிக்கு வரவழைக்கிறார்கள், மெக்கானிக்குக் கையில் ரொக்கமாகக் கொடுக்கிறார்கள், எட்டாயிரம் ஆன வேலையை மூவாயிரம் என்கிறார்கள். பிறகு ஒருநாள் மனைவியோ கணவரோ பேங்க் மெசேஜைப் பார்த்துக் கேட்கும்போது, அது கார் பற்றிய சண்டையாக இருக்காது, பொய் பற்றிய சண்டையாகிவிடும். அதற்குப் பிறகு எந்தக் கணக்கைக் காட்டினாலும் எடுபடாது.

நான் பார்த்தவரையில் வீட்டில் இருப்பவரைப் பயப்படுத்துவது தொகை அவ்வளவாக இல்லை. போன மாதம் கிளட்ச், இந்த மாதம் ஏசி, அடுத்த மாதம் என்ன என்று தெரியாததுதான் பயம். எங்கே நிற்கும் என்று தெரியாத செலவுக்கு யாரும் மனதாரச் சரி சொல்லமாட்டார்கள். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே காரியத்தைத்தான் செய்யப்போகிறது: செலவுக்கு ஒரு வரம்பு போடுவது, அந்த வரம்பை இரண்டுபேரும் சேர்ந்து போடுவது.

பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும் என்பதால் ஒரு காரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஃபோர்டு ஐகான் 1.6, 2003-ல் பதிவானது. 1999 கடைசியில் வந்த கார், நம்ம மறைமலைநகரில் செய்தது, அந்த ராக்கம் எஞ்சின் இழுக்கும் இழுப்புக்காகவே இன்றைக்கும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆசை திருவள்ளூரில் செய்த மிட்சுபிஷி லான்சராக இருக்கலாம், பழைய ஹோண்டா சிட்டி வீடெக்காக இருக்கலாம், பத்மினியாக, கான்டெசாவாக இருக்கலாம். கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

முதல் படி: பேசுவதற்கு முன்னால் முழுச் செலவையும் எழுதுங்கள்

வாங்கும் விலையை மட்டும் சொல்லிச் சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாலான வீடுகளில் பின்னால் வெடிக்கிறது. பழைய காரில் வாங்கும் விலை சின்ன விஷயம். மூன்று தலைப்பில் எழுதுங்கள்: ஒருமுறை ஆகும் செலவு, வருடா வருடம் ஆகும் செலவு, திடீரென்று வரும் செலவு.

வருடச் செலவு சுலபம், கிட்டத்தட்ட துல்லியமாகவே போடலாம். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சிசிக்கு உட்பட்ட சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஐகான் 1.6 என்பது 1597 சிசி, அதனால் மூன்றாவது வரிசையில் விழுகிறது, ஜிஎஸ்டி சேர்த்தால் 9,300 சொச்சம். அதே வயதுள்ள 1500 சிசிக்குள் அடங்கும் காருக்கு இதில் பாதிகூட ஆகாது. எந்தக் காரை வாங்குவது என்று இன்னும் முடிவாகவில்லை என்றால் இதையும் பார்த்துக்கொள்ளுங்கள், புதுப்பிக்கும் சமயத்தில் நடப்புக் கட்டணத்தையும் சரிபாருங்கள்.

அடுத்தது ஆர்சி, அதாவது பதிவுச் சான்றிதழ். சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுக்கு, அதன்பிறகு எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். நம்ம ஐகான் 2018-ல் புதுப்பித்திருந்தால் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000 ஆனது, ஆக 2023-க்குப் பின் பதிவு செல்லுபடியாக அந்தத் தொகை கட்டியிருப்பார்கள். 2025 ஆகஸ்ட்டில் 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று உயர்த்திவிட்டார்கள், எனவே 2028-ல் வரப்போவது பத்தாயிரம். பசுமை வரி தனி. இந்தப் பத்தாயிரத்தை ஐந்தால் வகுத்து வருடத்துக்கு 2,000 என்று இப்போதே கணக்கில் ஏற்றிவிடுங்கள், அப்போதுதான் 2028-ல் வீட்டில் யாரும் அதிரமாட்டார்கள். ஆயில், ஃபில்டர், கூலன்ட், சின்னச் சின்ன ரப்பர் சாமான்கள் என்று வருடத்துக்கு ஒரு பத்தாயிரம் போடுவோம். ஆக காரை நகர்த்தாமல் நிறுத்திவைத்தாலும் ஆண்டுக்கு 21,300 போகிறது. இந்த எண்ணைத்தான் பேச்சில் முதலில் சொல்லவேண்டும்.

ஒருமுறைச் செலவில்தான் எல்லோருடைய மதிப்பீடும் தவறுகிறது, அதிலும் குறிப்பாக டிங்கரிங்கில், அதாவது பாடியின் தகட்டு வேலையில். எஞ்சின் வேலைக்கு ஓரளவு கணக்குச் சொல்லிவிடலாம், துருவுக்குச் சொல்லமுடியாது, பெயிண்டைச் சுரண்டிய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அதனால் வாங்குவதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்த டிங்கரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய அரைநாள் கூலி பெரிய தொகை இல்லை. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், கதவுகளின் அடிப்பக்கம், ஃபெண்டரின் உள்பக்கம், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழி, முன் கண்ணாடிக்குக் கீழே பீடிங் ஓரம், இந்த நாலு இடத்தையும் விடாதீர்கள். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் அடியில் சேறு படிந்த கறை தெரியும், சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கும். டிங்கர் சொல்லும் தொகையை அப்படியே எழுதாமல் அதன்மேல் பாதி சேர்த்து எழுதுங்கள். வீட்டில் சொல்லவேண்டியது இந்தப் பெரிய தொகைதான். சொன்னதைவிடக் குறைவாக முடிந்தால் உங்கள் வார்த்தைக்கு மதிப்பு ஏறும்.

திடீர்ச் செலவுக்கு நான் வைக்கும் விதி எளிது: அந்தக் காரில் வரக்கூடிய மிகப்பெரிய ஒரே ரிப்பேர் என்ன, அதற்கு எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். கியர்பாக்ஸா, ஏசி கம்ப்ரஸரா, ஹெட் வேலையா? அந்தத் தொகை கையில் தனியாக இருக்கவேண்டும். நிறுத்திப்போன மாடல் என்றால் பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்பதையும் முன்னாலேயே விசாரியுங்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளில் புதிதாகக் கிடைப்பது எது, புதுப்பேட்டையில் கழற்றிய சாமானாகத்தான் கிடைக்கும் என்பது எது, இரண்டிலும் கிடைக்காதது எது என்று மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டால் கார் மூன்று மாதம் ஒர்க்ஷாப்பில் நிற்கும் நிலைமை வருமா வராதா என்பது முன்னாலேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: வீட்டுக்கு முதலில் சேரவேண்டியது சேர்ந்துவிட்டதா?

இதில் வளைந்து கொடுக்க இடமே இல்லை என்று நினைக்கிறேன். ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கிறதா, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா, சம்பாதிக்கிறவர் பெயரில் டேர்ம் இன்சூரன்ஸ் இருக்கிறதா, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு வழி செய்தாயிற்றா, கிரெடிட் கார்டில் பாக்கி உருண்டுகொண்டிருக்கிறதா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் கார் பேச்சை எடுக்காதீர்கள், முதலில் அதை முடியுங்கள். இது நல்லொழுக்கப் பாடத்துக்காகச் சொல்வதில்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் மனதில் முதலில் ஓடப்போவது இந்தப் பட்டியல்தான், அதற்குப் பதில் இல்லாமல் போனால் அல்டர்னேட்டரைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும் காதில் விழாது. குறிப்பாகப் பெர்சனல் லோன் போட்டோ, நகையை அடகு வைத்தோ, வீட்டுச் சீட்டை எடுத்தோ ஆசைக்காருக்குச் செலவழிப்பது கூடவே கூடாது.

மூன்றாம் படி: மறுப்பு எதன்மேல் என்று கண்டுபிடியுங்கள்

"எதுக்கு இந்த வெட்டிச் செலவு" என்ற ஒரே வாக்கியத்துக்குள் ஐந்தாறு விதமான மனக்குறை ஒளிந்திருக்கும். ஒருவருக்கு அது பணம்தான். இன்னொருவருக்கு ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்க ஆபீஸ், ஒரே ஒரு விடுமுறை நாள், அன்றைக்கும் நீங்கள் காலையில் போய் மத்தியானம் மூன்று மணிக்கு கிரீஸ் கையோடு வந்தால் குழந்தைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டவருக்கு எப்படி இருக்கும்? அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இடம் பிரச்சினை, ஒரே பார்க்கிங், அதில் ஓடாத கார் நின்றால் ஓடும் கார் தெருவில் நிற்கும். சிலருக்குப் பயம், பழைய வண்டி நடுரோட்டில் நின்றுவிடும், ஏர்பேக் இல்லை, குழந்தையை எப்படி ஏற்றுவது என்ற பயம். இன்னும் சிலருக்கு நியாயம்: "நான் எனக்கென்று கடைசியாக எப்போது செலவழித்தேன்?"

இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் மற்ற எல்லாக் கேள்விக்கும் அடியில் அதுதான் ஓடுகிறது. பணப் பிரச்சினை என்று நினைத்து எக்செல் ஷீட் போட்டுக் காட்டுவீர்கள், அவருக்கோ ஞாயிறு மத்தியானம்தான் வேண்டியிருக்கும். எனவே கேளுங்கள். "உனக்கு இதில் எது பிடிக்கவில்லை?" என்று கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கார் பைத்தியம் மனைவியாக இருக்கும் வீடுகளும் உண்டு, அங்கே நிலைமை இன்னும் கடினம். அவருடைய சொந்தச் சம்பளத்தில் வாங்கினாலும் கணவர், மாமியார், அக்கம்பக்கம் என்று மூன்று பேருக்கு விளக்கம் சொல்லவேண்டியிருக்கிறது, ஒர்க்ஷாப்பில் மெக்கானிக்கூட "சார் வரலையா மேடம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார். கணவர்களுக்கு ஒரு வார்த்தை: இதே செலவை நீங்கள் செய்தால் என்ன கேள்வி கேட்பார்களோ அந்தக் கேள்விகளை மட்டும் கேளுங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

நான்காம் படி: உட்கார்ந்து பேசுவது

நேரம் முக்கியம். மாதக் கடைசியில் வேண்டாம், மாமனார் மாமியார் முன்னால் வேண்டாம், ஓஎல்எக்ஸில் வண்டியைப் பார்த்துவிட்டு அந்தச் சூட்டோடும் வேண்டாம். பிள்ளைகள் தூங்கியபிறகு, எழுதிய தாளோடு, டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

சொல்லக்கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். "இது முதலீடு, விலை ஏறும்" என்று சொல்லாதீர்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்கள், அதுவும் ஒரிஜினல் நிலையில், சுத்தமான பேப்பர்களோடு இருந்தால் விலை போகின்றன என்பது உண்மை. ஐகானிலோ லான்சரிலோ போட்ட பணம் திரும்ப வராது, நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் மகிழ்ச்சிக்கான செலவு. அதை அப்படியே ஒத்துக்கொள்வதில் ஒரு கௌரவம் இருக்கிறது. "நான் குடிக்கிறேனா, சிகரெட் பிடிக்கிறேனா, எனக்கென்று இது ஒன்றுதானே" என்பது நம்ம ஊரில் ரொம்பப் பழைய வாதம், அது கேட்கிறவரைக் கடன்பட்டவராக்குகிறது, வேண்டாம். "நீ நகை வாங்கவில்லையா?" அதைவிட மோசம். தங்கம் அவசரத்துக்கு அடகுக் கடையில் பணமாகும், அது அவருக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும், இந்த ஒப்பீட்டில் நீங்கள்தான் தோற்பீர்கள்.

பிறகு எதைச் சொல்வது? இது எனக்கு ஏன் வேண்டும் என்று நேராகச் சொல்லுங்கள். கையால் ஒரு வேலையைச் செய்து முடிக்கும்போது ஆபீஸ் நினைப்பு வருவதில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், அப்பா வைத்திருந்த வண்டி என்றால் அதைச் சொல்லுங்கள். பெரிய காரணம் தேவையில்லை, உண்மையான காரணம் போதும். பிறகு தாளை நீட்டுங்கள். பேச்சு ஏறத்தாழ இப்படிப் போகலாம்:

"என்னங்க, இதுல மொத்தம் எவ்வளவு ஆகும்னு போட்டிருக்கீங்க?"

"வாங்குறதுக்கும் சரிபண்றதுக்கும் சேர்த்து ரெண்டே கால் லட்சம். வருஷத்துக்கு சும்மா நின்னாலே இருபத்தோராயிரம். இதுக்கு மேல போகாது. போற மாதிரி தெரிஞ்சா வேலையை நிறுத்திட்டு உன்கிட்ட வர்றேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"மாசத்துல ரெண்டு ஞாயிறு, பத்து மணிக்குள்ள வீட்டுல இருப்பேன். மத்த ரெண்டு ஞாயிறு நீ எங்க வேணா போ, பசங்களை நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கே பதில் கேட்காதீர்கள். ஒரு வாரம் விடுங்கள். அவசரப்படுத்தி வாங்கும் சம்மதம் முதல் ரிப்பேர் பில் வரும்வரைதான் தாங்கும்.

ஐந்தாம் படி: பணத்தைத் தனியாகப் பிரியுங்கள்

எனக்குத் தெரிந்து சண்டைகளைக் குறைத்தது வேறு எதையும்விட இந்த ஒரு ஏற்பாடுதான். இரண்டுபேருக்கும் ஆளுக்கொரு கைச்செலவுத் தொகை, சமமான தொகை, யார் அதிகம் சம்பாதிக்கிறார், யார் வீட்டில் இருக்கிறார் என்ற பேச்சே இல்லாமல். வீட்டில் இருப்பவர் சம்பளம் வாங்காததால் அவருக்குக் குறைவு என்று வைத்தால் இந்த முறையே விழுந்துவிடும். உதாரணமாக மாதம் ஆளுக்கு 5,000. உங்கள் பங்கு காருக்கென்று தொடங்கிய தனி சேமிப்புக் கணக்குக்குச் சம்பளம் வந்த மறுநாள் தானாகப் போய்விடவேண்டும். மெக்கானிக்குக் கொடுக்கும் யுபிஐயை அந்தக் கணக்கோடு மட்டும் இணையுங்கள். அவருடைய 5,000-ஐ அவர் புடவைக்கோ, புத்தகத்துக்கோ, தங்கை கல்யாணத்துக்கோ செலவழிக்கட்டும், சேர்த்தே வைக்கட்டும், அதில் நீங்கள் கேள்வி கேட்கக்கூடாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 60,000 சேரும். நிற்கும் செலவு 21,300 போனால் கையில் 38,700. ஒரு வருடத்தில் நீங்கள் ஆசைப்பட்டுச் செய்யக்கூடிய வேலைகளின் மொத்த அளவு இதுதான். சஸ்பென்ஷனா பெயிண்டா என்று நீங்களே உங்களோடு பேரம் பேசிக்கொள்ளலாம், வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம். மீதியானது அடுத்த மாதத்துக்குப் போகும், ஆனால் அடுத்த மாதத்தின் பணத்தை இந்த மாதம் எடுக்கக்கூடாது. தீபாவளி போனஸ் வந்தால் அதில் ஒரு பங்கு இருவருக்கும் சமமாக. ஒரே பில் பத்தாயிரத்தைத் தாண்டினால், பணம் கணக்கில் இருந்தாலும், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது என்று நாங்கள் வைத்திருக்கிறோம். அனுமதிக்காக இல்லை, தகவலுக்காக.

பில்களை ஒரு நோட்டில் ஒட்டுங்கள், அல்லது இரண்டுபேரும் பார்க்கக்கூடிய ஷீட்டில் ஏற்றுங்கள். அவர் திறந்தே பார்க்கமாட்டார், பார்க்க முடியும் என்பது போதும்.

ஆறாம் படி: முதல் பணம் பாதுகாப்புக்கு

சம்மதம் கிடைத்த கையோடு அலாய் வீல் வாங்கிப் போட்டால் சம்மதித்தவர் என்ன நினைப்பார்? முதல் செலவு பிரேக், டயர், சீட் பெல்ட், லைட். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான டயர் ரப்பர் கெட்டிப்பட்டு வெடிப்புவிடும், நின்ற காரில் இது சாதாரணம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், எப்போது மாற்றியது என்று பழைய உரிமையாளரால் பில் காட்டமுடியாத பட்சத்தில், மாற்றிவிடுவதே நல்லது. அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு வளைந்து போகும், அப்புறம் செலவு பத்து மடங்கு. ரேடியேட்டர் ஓஸ், ஃபேன், இவை அடுத்தது. கார் ஆறு மாதம் வழியில் நிற்காமல் ஓடியபிறகு பெயிண்ட், சீட் கவர், ஆடியோ என்று போகலாம்.

இந்த வரிசையில் செய்துவிட்டு அவரை உட்காரவைத்து மகாபலிபுரம் வரை போய்வாருங்கள், காலை நேரத்தில், ஏசி வேலை செய்யும்போது. வரவில்லை என்றால் வற்புறுத்தவேண்டாம். கார் பிடிக்கவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

மாற்றங்கள் செய்யும் ஆசை இருந்தால் சட்டத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. கலரை மாற்றினால் ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்றவேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெயிம் சமயத்தில் உங்கள் தலையில்தான் விழும். வேகம்தான் ஆசை என்றால் அதற்கு ஊருக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது, கோவைக்காரர்களுக்குச் செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. டிராக் நாளுக்குப் போவதாக இருந்தால் சாதாரணக் கார் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஈசிஆரில் இரவில் பந்தயம் விடுவதற்கு இந்த வழிகாட்டியில் இடமில்லை.

50 வயதைத் தாண்டிய வண்டி, உதாரணத்துக்குச் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, உங்கள் கையில் இருந்தால் 2021-ல் வந்த விண்டேஜ் விதிகள் பொருந்தும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, தினசரி ஓட்டமும் வாடகை ஓட்டமும் கூடாது. தினமும் ஆபீஸுக்கு ஓட்டுவேன் என்று வீட்டில் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்றே சொல்லிவிட்டால்

வேண்டாம் என்பதற்குக் காரணம் இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை காத்திருங்கள். மகள் பிளஸ் டூ முடிக்கட்டும் என்றால் முடிக்கட்டும், அதுவரை 5,000 கணக்கில் சேரட்டும், அப்போது கையில் முழுப் பணமும் இருக்கும், இரண்டாவது பேச்சு முதல் பேச்சைவிடச் சுலபமாக இருக்கும். காரணமே சொல்லாமல் வேண்டாம் என்றால், உங்கள் கைச்செலவுப் பணத்துக்குள் அடங்கும் அளவுக்கு ஆசையைச் சுருக்கிக் கேட்டுப் பாருங்கள்: இரண்டு லட்சத்துக்குப் பதில், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய மாருதியையே நன்றாகச் செய்வது. மாருதி 800-க்கு இன்றைக்கும் எந்த ஊரிலும் மெக்கானிக் இருக்கிறார், பார்ட்ஸ் இருக்கிறது, கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வண்டி இல்லை.

வெளியேறும் வழியையும் முதலிலேயே பேசிவைப்பது நல்லது. வேலை போனால், பெரிய மருத்துவச் செலவு வந்தால், இரண்டு வருடமாகக் கார் நகரவே இல்லை என்றால், விற்பது. விற்கும்போது படிவம் 29, 30 கொடுத்து ஆர்சியில் பெயர் மாறியதை உறுதிசெய்யுங்கள். பெயர் மாறாத காரின் விபத்து வழக்கு பழைய உரிமையாளரின் வீட்டுக்குத்தான் வரும், அந்த சம்மனை வாங்கப்போவது உங்கள் மனைவியோ கணவரோதான்.

கடைசியாக ஒரு பேப்பர் வேலை, காரைப் பதிவு மாற்றும்போதே செய்துவிடலாம். 2021 முதல் ஆர்சியில் நாமினி பெயரைச் சேர்க்கலாம், துணையின் பெயரைச் சேருங்கள். கூடவே மெக்கானிக், டிங்கர், இன்சூரன்ஸ் ஏஜென்ட் நம்பர்கள், இரண்டாவது சாவி இருக்கும் இடம், அந்தக் காரைப் பற்றி நன்றாகத் தெரிந்து நியாயமான விலை சொல்லக்கூடிய ஒரு நண்பரின் நம்பர், இவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் ஃபைலில் வையுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் அந்தக் காரை வைத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும், தெரியாத காரணத்தால் தெருமுனைக் கடைக்காரர் சொன்ன முதல் விலைக்குக் கொடுத்துவிடக்கூடாது.